அம்மா வளையலில் வெள்ளைத் திட்டு – பட்டறைக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்

கொலுசுக்காரன் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். சிவதாபுரத்தில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை எங்களுடையது. தாத்தா காலத்திலிருந்து இதே தொழில். நான் பி.காம் முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கணக்கும் டெலிவரியும் பார்க்கிறேன்.

கேள்வி கொலுசைப் பற்றியது இல்லை. அம்மாவின் தங்க வளையல் இரண்டிலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. இரண்டும் இடது கையில் போடுவது. வெள்ளித்தூள் ஒட்டியிருக்கும் என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தார், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊற வைத்தார். போகவில்லை. போன வாரம் மூக்குத்தித் திருகாணியும் அப்படியே வெளுத்துவிட்டது. கடையில் காட்டினால் "டச் கம்மி, ஏமாந்துட்டீங்க" என்கிறார்கள், அதாவது தங்கத்தின் தரம் குறைவாம். 1998இல் அம்மாவின் கல்யாணத்துக்கு எடுத்த வளையல். இத்தனை வருடம் இல்லாத குறை இப்போது எப்படி வரும்?

செவ்வாய்ப்பேட்டை பாலு | செவ்வாய், இரவு 9.40

தம்பி, அது டச் பிரச்சினை இல்லை. ரசம் பட்டிருக்கிறது. தங்கம் பாதரசத்தைத் தொட்டால் விடாது, உள்ளே இழுத்துக்கொண்டு வெளுத்துப் போகும். வீட்டில் தெர்மாமீட்டர் ஏதாவது உடைந்ததா? பயப்படாதீர்கள், லேசாகச் சூடு காட்டினால் ரசம் ஓடிவிடும், தங்கம் பழைய நிறத்துக்கு வந்துவிடும். கடையில் 25 வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

மின்னல்ராஜ் | செவ்வாய், இரவு 10.05

சூடு எல்லாம் எதுக்கு. பக்கத்தில் முலாம் பட்டறை இருந்தால் சயனைடு தண்ணியில் ஒரு முக்கு முக்கி எடுங்கள். புதுசு மாதிரி ஆகிவிடும்.

முலாம் மணி | செவ்வாய், இரவு 11.30

மின்னல்ராஜ், தெரியாத விஷயத்தை இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். கொண்டலாம்பட்டிப் பக்கம் 19 வருடம் வெள்ளி முலாம் தொட்டியில் நின்றவன் நான். பொட்டாசியம் சயனைடு இல்லாமல் அந்தத் தொட்டி ஓடாது. அது பாட்டுக்குக் காரத் தண்ணீரில் கிடக்கிற வரை பெரிதாக ஆட்டம் காட்டாது. பட்டறையில் அதற்குப் பக்கத்திலேயே ஆசிட் இருக்குமே, அதுதான் எமன். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு பட்டறையில் முலாம் கழுவின தண்ணீருக்கும், பொருளை வெளுக்கப் போடும் ஆசிட் தண்ணீருக்கும் ஒரே வாய்க்கால். பகலில் யாரும் இரண்டையும் சேர்த்து ஊற்றமாட்டார்கள், ஏனென்று தெரியாவிட்டாலும் வழக்கமாக அப்படி ஒரு முறை இருந்தது. அன்று தீபாவளி ஆர்டர், இரவு ஒன்பது மணி. புதிதாக வந்த பையன் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பழைய ஆசிட்டை மொத்தமாக வாய்க்காலில் கவிழ்த்தான். நான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொப்பென்று சத்தம். முதலாளியின் தம்பி "என்னடா" என்று ஓடினார், குனிந்து பையனைத் தூக்கினார், தூக்கின கையோடு அவரும் சாய்ந்தார். ஒருவர் கத்தி எங்களைத் தடுத்ததால் நாங்கள் போகவில்லை. பின்பக்கக் கதவை உடைத்துக் காற்று விட்டு, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இழுத்தோம். இப்போது நினைத்தால் ஈரத்துணி ஒன்றுக்கும் உதவாது என்று தெரிகிறது. பையன் கதவோரம் கிடந்ததால் பிழைத்துக்கொண்டான். தூக்கப் போனவர் பிழைக்கவில்லை.

கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள். அன்று எனக்கு எந்த வாசனையும் வரவில்லை, பக்கத்தில் நின்றவனுக்கு வந்தது.

ஏற்காட்டு ஓய்வு | புதன், காலை 6.20

மணி சொன்ன கடைசி வரி முக்கியமானது. அந்த வாசனையை உணரும் திறன் பிறவியிலேயே சிலருக்குக் கிடையாது. மூக்கை நம்பி சயனைடு இருக்கும் இடத்தில் வேலை செய்யக் கூடாது.

தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் முப்பது வருடம் இருந்தேன், இப்போது ஏற்காட்டில் நாலு காபிச் செடியோடு காலம் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சயனைடு உடம்பில் என்ன செய்கிறது? மூச்சு ஓடும், ரத்தத்தில் ஆக்சிஜனும் நிறைய இருக்கும். ஆனால் செல்லுக்குள் அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை சயனைடு பிடித்துக்கொள்கிறது. சோறு பரிமாறிய இலை முன்னால் கையைக் கட்டி உட்கார வைத்த மாதிரி. நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால்தான் தூக்கப் போனவரும் விழுகிறார். காற்று விடாமல், சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வெளியே கொண்டுவந்தவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதவும் கூடாது, அவர் மூச்சிலிருந்தே உங்களுக்கு ஏறும். நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைத் தண்ணீரால் கழுவி, 108ஐ அழைக்கும்போதே "சயனைடு" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். ஹைட்ராக்சோகோபாலமின், சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்ஃபேட் என்று முறிவு மருந்துகள் உண்டு. ஆனால் விஷயம் தெரிந்தால்தானே டாக்டர் போடுவார்.

அது இருக்கட்டும். கொலுசுக்கார தம்பி, பாலு கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டில் பாதரசம் எங்கே இருக்கிறது?

வாழப்பாடி சேகோ | புதன், காலை 8.02

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சயனைடு என்றால் நகைப்பட்டறை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், நம் ஜில்லாவில் அது மண்ணுக்கு அடியிலேயே விளைகிறது. மரவள்ளிக் கிழங்கில் லினமாரின் என்று ஒன்று இருக்கிறது. கிழங்கை நசுக்கினால், அரைத்தால், அதே கிழங்கில் உள்ள நொதி அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடாக்கும். தோலில்தான் அதிகம். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி தொட்டித் தண்ணீர் பக்கம் போனால் தலை கனக்கிறது என்று எங்கள் ஆட்கள் சொல்வது சும்மா இல்லை. மூடின தொட்டிக்குள் இறங்குவது தனி ஆபத்து, அங்கே புளித்த கழிவிலிருந்து வரும் வாயுவும் சேரும்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு ஆடு மரவள்ளித் தழை தின்று வயிறு உப்பி விழுந்தன. ஒன்று போய்விட்டது. இன்னொன்றுக்கு மாட்டு டாக்டர் நரம்பில் ஊசி போட்டார், அரைமணியில் எழுந்து நின்றது. என்ன மருந்து சார் என்று கேட்டேன், சோடியம் தயோசல்ஃபேட் என்றார். மேலே சார் எழுதிய அதே பெயர், அதனால்தான் எழுதத் தோன்றியது.

கொலுசுக்காரன் | புதன், மதியம் 1.45

சார், பாலு அண்ணா, நேற்று இரவு முழுக்க யோசித்தேன். தெர்மாமீட்டர் எதுவும் உடையவில்லை. ஆனால் பாதரசம் இருக்கிறது. எங்களுக்கு அது விஷயமாகவே தோன்றாததால் சொல்லவில்லை.

அப்பா மண் அரிப்பார். பட்டறைக் குப்பை, மெருகேற்றும் பஃப் துணியின் தூள், பாய்க்கு அடியில் சேரும் மண், கை கழுவும் தொட்டியின் வண்டல், எல்லாவற்றையும் ஆறு மாதம் சாக்கில் சேர்த்து வைப்பார். எரித்து, இடித்து, சலித்து, கல்லுரலில் கொஞ்சம் தண்ணீரும் ரசமும் விட்டுக் கையால் பிசைவார். வெள்ளி எல்லாம் ரசத்தோடு சேர்ந்து வெண்ணெய் மாதிரி ஒரு உருண்டையாக வரும். அதைப் பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் மிச்ச ரசம் கீழே சொட்டும், அதைப் பாட்டிலில் எடுத்து வைத்துக்கொள்வார். உருண்டையை இரும்புச் சட்டியில் வைத்து பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பர்னரால் சுடுவார். ரசம் போய்விடும், வெள்ளி நிற்கும்.

அந்த வேட்டித் துணியைத் துவைப்பது அம்மா. இடது கையால் பிடித்து வலது கையால் தேய்ப்பார். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

பாட்டில் சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பிளாஸ்டிக் மூடி. தூக்கினால் பாட்டிலுக்கும் கனத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

ஏற்காட்டு ஓய்வு | புதன், மதியம் 2.10

முதலில் சூடு காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். வளையலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாலு மன்னிக்க வேண்டும், "ரசம் ஓடிவிடும்" என்றீர்களே, அது எங்கே ஓடுகிறது? உங்கள் மூச்சுக்குத்தான்.

அப்புறம் தம்பி, சில கேள்விகள். நேராகப் பதில் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கை நடுங்குகிறதா? ஈறு வீங்கி ரத்தம் வருகிறதா, எச்சில் அதிகம் ஊறுகிறதா? தூக்கம் எப்படி? முன்பு இல்லாத கோபமோ, ஆள் வந்தால் ஒதுங்கிப் போவதோ உண்டா? கையெழுத்து மாறியிருக்கிறதா?

கொலுசுக்காரன் | புதன், இரவு 8.55

கையெழுத்து. இதைப் படித்ததும் கணக்கு நோட்டை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா எழுதிய எண்கள் அச்சடித்தது போல் இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன்னால் 8 எழுதினால் மேல் வட்டம் மூடவில்லை. இந்த வருடம் ஒவ்வொரு கோடும் ரம்பப்பல் மாதிரி. நான் கணக்கை எடுத்துக்கொண்டதே அவர் எழுத்து புரியாததால்தான், அதை நாங்கள் கண் பார்வை என்று நினைத்தோம். போன மாதம் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக் திரும்பி வந்தது.

கொலுசில் அரும்பு பற்றவைக்கும் வேலையை அவர் விட்டு ஒரு வருடம் ஆகிறது. பொடி வைத்த இடத்தில் ஊதுகுழல் தீ நிற்காமல் ஆடும். சர்க்கரை, வயசு என்று சொல்லிக்கொண்டோம். கோபம் என்றால், தட்டு எறிகிற அளவுக்கு. தூங்குவதில்லை. சொந்தக்காரர் வந்தால் பின்பக்கம் போய்விடுகிறார். பல் டாக்டர் இரண்டு முறை ஈறு சுத்தம் செய்தார்.

பட்டறை அறையில்தான் அக்கா பையன் லீவுக்கு வந்தால் படுப்பான்.

சித்தர்வழி செல்வம் | புதன், இரவு 9.30

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். பாதரசம் நம் சித்த மருத்துவத்தின் உயிர்நாடி. ரசமணி கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? என் தாத்தா குழந்தையாக இருக்கும்போது ஒரு ஸ்பூன் ரசத்தை விழுங்கிவிட்டாராம், மறுநாள் அப்படியே வெளியே வந்துவிட்டது. 84 வயதுவரை திடமாக இருந்தார். வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் விஷமா?

வேதியியல் வாத்தியார் | புதன், இரவு 10.20

செல்வம், உங்கள் தாத்தா கதையை நான் நம்புகிறேன். நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை.

உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வந்த வழியே போய்விடும். அதே ரசம் ஆவியாகி மூச்சில் போனால் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கும், மூளைக்குள்ளும் கருவுக்குள்ளும் நுழையும். ஒரே பொருள்தான், போகும் வாசல் வேறு. தாத்தா அதைச் சட்டியில் வைத்துச் சுட்டிருந்தால் கதை மாறியிருக்கும்.

சேர்மங்களும் அப்படித்தான். உங்கள் நூல்களிலேயே லிங்கம், பூரம், வீரம் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். லிங்கம் கந்தகத்தோடு சேர்ந்தது, தண்ணீரில் கரையவே கரையாது. பூரம் கொஞ்சம்தான் கரையும். வீரம் நன்றாகக் கரையும், குடலையும் சிறுநீரகத்தையும் அரித்துவிடும். பெயர் வைத்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அதற்காகப் பூரம் சாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு பூரம் கலந்த பொடி கொடுத்த நாடுகளில் கை கால் சிவந்து உரியும் நோய் வந்தது, 1950களில் அந்தப் பொடியை நிறுத்திய பிறகுதான் அது அடங்கியது.

இன்னொரு கோடியில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் லேடெக்ஸ் கையுறை மேல் சில துளிகள் சிந்தின. கையுறையைத் தாண்டி உள்ளே போனது அவருக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லை. 1997 ஜூனில் இறந்தார். நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர் அவர்.

சித்தர்வழி செல்வம் | புதன், இரவு 10.41

முறையாகச் சுத்தி செய்த ரசம் வேறு. அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வேதியியல் வாத்தியார் | புதன், இரவு 10.50

சரி. அவருடைய அப்பா சுத்தி செய்யவில்லை, சுடுகிறார். அதைப் பேசுவோம்.

மட்டுறுத்துநர் | புதன், இரவு 11.15

சித்த மருத்துவம் பற்றித் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். இதன் பிறகு வந்த ஆறு பதில்கள் நீக்கப்பட்டன.

ஏற்காட்டு ஓய்வு | வியாழன், காலை 6.05

இரவெல்லாம் மழை, கரண்ட் இல்லை. இப்போதுதான் படித்தேன்.

தம்பி, நான் டாக்டர் இல்லை. ஆனால் நடுக்கம், ஈறு, குணமாற்றம், இந்த மூன்றும் சேர்ந்து வருவது பாதரச ஆவியின் பழைய கையொப்பம். ஐரோப்பாவில் தொப்பிக்கான முயல் ரோமத்தைப் பாதரச நைட்ரேட்டில் பதப்படுத்தியவர்களுக்கு இதே நடுக்கமும் இதே கூச்சமும் வந்தன.

ஒரு கணக்கு சொல்கிறேன். 20 டிகிரி வெப்பத்தில், மூடிய அறையில் திறந்து கிடக்கும் ரசம் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம்வரை ஆவியாக நிற்கலாம். ஃபேக்டரீஸ் ஆக்ட் வேலையிடத்துக்கு வைத்த வரம்பு 0.05 மில்லிகிராம். அதாவது 250 மடங்குக்கு மேல். 20 டிகிரி ஏற்காட்டுக் கணக்கு, சேலம் சித்திரையில் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். இதெல்லாம் சுடாமலே. ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

எங்கள் வேலையில் எனக்கு எப்போதும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பாதரச நச்சு அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக இருந்தது. ஆலை நிர்வாகமும் பார்க்கிற டாக்டரும் தகவல் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆனால் நான் வேலை பார்த்த காலத்தில் மின்சாரம் இருந்தால் பத்துப் பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை. அப்பா, அம்மா, மகன், இரண்டு ஆள் என்று ஓடும் கொலுசுப் பட்டறைக்குள் நான் ஜீப்பில் வந்து இறங்க வழியே இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைக்கு ஒரு கேட் இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது. 2001இல் மக்கள் குப்பைக் கிடங்கில் பாதரசக் கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்துப் போராடி மூட வைத்தார்கள். பதினைந்து வருடம் இழுத்து, 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு வந்தது. உங்கள் அப்பா யார் கேட்டில் போய் நிற்பார்?

காஷுவாலிட்டி சிஸ்டர் | வியாழன், காலை 7.30

தம்பி, அக்கா சொல்கிறேன், கேட்டுக்கொள். கேஸ் ஷீட்டில் "வெள்ளித் தொழில்" என்று மட்டும் எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. "பல வருடமாகப் பாதரசத்தைச் சூடுபடுத்துகிறார்" என்று நீயே வாயால் சொல்லு. 24 மணி நேரச் சிறுநீரில் பாதரச அளவு பார்க்கச் சொல்வார்கள். அதற்கான கேனை லேபிலேயே வாங்கு, வீட்டில் இருக்கும் பாட்டிலில் பிடிக்காதே. ரத்தமும் எடுத்தால் அதற்கு முன்னால் சில நாள் கடல் மீன் வேண்டாம், ரீடிங் குழம்பும். சிறுநீரகமும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் எடு, உனக்கும் எடு. அக்கா பையனை அந்த அறைக்கு அனுப்பாதே.

மருந்து தரலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஆன்லைனில் ஏதாவது "டீடாக்ஸ்" வாங்கிக் குடிக்காதே.

முலாம் மணி | வியாழன், காலை 9.15

வீட்டைச் சுத்தம் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே சார். இவன் போய் விளக்குமாறு எடுத்துவிடுவான்.

ஏற்காட்டு ஓய்வு | வியாழன், காலை 9.50

நல்ல ஞாபகம். விளக்குமாறும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரு ரசக் குண்டை நூறு குண்டாக்கிக் காற்றில் விடும். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் வெடிப்புகளில் குண்டுகள் மினுங்கும். கெட்டி அட்டையால் தள்ளிச் சேர்த்து, கண் மருந்து டிராப்பரால் உறிஞ்சி, கனமான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீருக்கு அடியில் விட்டு இறுக மூடுங்கள். எடுக்க முடியாத வெடிப்பில் கந்தகப் பொடி தூவலாம். பாய், அந்த வேட்டித் துணி, பஃப் துணி எல்லாம் தனியே மூட்டை கட்டுங்கள். எரிக்கக் கூடாது. இதைச் செய்யும்போது அம்மா நகை எதுவும் போட்டிருக்க வேண்டாம்.

சாக்கடையில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். நம் சாக்கடை எல்லாம் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகிறது. அங்கே சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் மெர்குரியாக மாற்றி மீனுக்குள் ஏற்றும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலையே மெத்தில் மெர்குரியைக் கடலில் விட்டது, அங்கே மீன் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956இல் வெளியே தெரிந்தது. பாட்டிலை ஒப்படைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அபாயக் கழிவுக்கான மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, அரைக் கிலோவுக்காக அங்கிருந்து லாரி வராது, அலைய வேண்டியிருக்கும்.

மின்னல்ராஜ் | வியாழன், மதியம் 12.20

நான் எழுதினது தப்புதான். எங்கள் ஏரியாவில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் சயனைடு போடுகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்து எழுதிவிட்டேன்.

ஏற்காட்டு ஓய்வு | வியாழன், மதியம் 12.45

அதே தொழில்தான் அமெரிக்காவில் இல்லினாயில் ஒரு ஆலையில் நடந்தது. எக்ஸ்ரே ஃபிலிமைச் சயனைடுத் தொட்டியில் போட்டு வெள்ளி எடுப்பது. வேலைக்கு இருந்தவர்களில் பலர் ஆங்கிலம் படிக்கத் தெரியாத குடியேறிகள். 1983 பிப்ரவரியில் போலந்துக்காரத் தொழிலாளி ஒருவர் தொட்டியருகே மயங்கி விழுந்து இறந்தார். 1985இல் நிர்வாகிகள் மூவர் மேல் கொலைக் குற்றமே தீர்ப்பானது. 1990இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது வேறு கதை. வேலையிடச் சாவைக் கொலை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே அன்று பெரிய செய்தி. நான் பயிற்சி வகுப்பில் எப்போதும் இதைத்தான் முதலில் சொல்வேன், தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

உங்கள் ஏரியாக்காரர்களிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். தலைவலியும் மூக்கில் ரத்தமும் வருகிறதா? தொட்டிக்கு எத்தனை அடி தள்ளி ஆசிட் கேன் இருக்கிறது?

முலாம் மணி | வியாழன், மதியம் 1.30

தொட்டியில் கை வைத்துவிட்டு அதே கையால் வெற்றிலை மடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் சார். அதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கொலுசுக்காரன் | 26 நாட்களுக்குப் பிறகு, ஞாயிறு காலை

தாமதத்துக்கு மன்னிக்கவும். ரிப்போர்ட் வெளியூர் லேபிலிருந்து வர நாளாயிற்று. அப்பாவுக்குச் சிறுநீரில் பாதரசம் மிக அதிகம். அம்மாவுக்கும் அதிகம், அவரளவு இல்லை. எனக்கு வரம்புக்குள்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. "வெள்ளிப் பட்டறையில் பாதரசம் எதுக்குப்பா?" என்றார். வளையலை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அதற்குப் பிறகு அவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். புதிதாக உள்ளே போகாமல் இருந்தால் சேர்ந்ததில் பாதி குறையவே சுமார் இரண்டு மாதம் ஆகும் என்றார்.

கஷ்டம் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதில்தான் இருந்தது. "எங்கப்பன் பண்ணினது, நான் பண்ணினேன்" என்று கத்தினார். டார்ச் வேலையை அவர் முன்னால்தான் செய்தேன். அலமாரிக்குக் கீழே, உரலைச் சுற்றி, அப்புறம் அக்கா பையன் படுக்கும் மூலையில். அந்த மூலையில் மினுங்கியதைப் பார்த்ததும் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டை பாலு | ஞாயிறு, இரவு 8.10

தம்பி, சூடு காட்டச் சொன்ன ஆள் நான்தான். இந்த இழையைப் படித்த பிறகு நானும் டெஸ்ட் எடுத்தேன். லேசாக ஏறியிருக்கிறது. கடையில் சூடு வேலையை நிறுத்திவிட்டேன். அம்மா வளையலைக் கொண்டு வாருங்கள், புகைக்கூண்டு இருக்கிற ரிஃபைனரியில் கொடுத்து எடுத்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

கொலுசுக்காரன் | ஐந்து மாதத்துக்குப் பிறகு, வெள்ளி மாலை

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அப்பாவின் அளவு நன்றாக இறங்கிவிட்டது. தூங்குகிறார். நடுக்கம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை, எவ்வளவு தேறும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பட்டறைக் குப்பையை இப்போது அப்படியே சாக்கோடு ரிஃபைனரிக்கு விற்கிறோம். அரித்து எடுத்தால் வருவதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அப்பா முணுமுணுப்பார். வளையலை மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை, பாலு அண்ணா கோபிக்க வேண்டாம். டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார். ரசப் பாட்டிலுக்கு வாரியத்தில் இரண்டு மனு கொடுத்தாயிற்று, இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது, தண்ணீருக்கு அடியில்.

நேற்று வங்கியில் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்கப் போனோம். மூன்று கட்டத்திலும் போட வேண்டும். முதல் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்பா பேனாவைக் கீழே வைத்து, கையை உதறி, நிதானமாக மூன்றாவதைப் போட்டார். மேனேஜர் அம்மா புது ஃபாரம் எடுத்துக் கொடுத்து, "ஐயா, இந்த மூணாவதையே பார்த்து மெதுவாப் போடுங்க" என்றார்.